பால்காரருக்குச் சொல்லிட்டியா?

1986 தை மாதம், கடம்பத்தூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குடிபோனோம். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அம்மா கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டார். மார்கழியில் குடிபோகக் கூடாது என்பதால் நாள் நிறைய இருந்தது.

அம்மா முதலில் மூட்டை கட்டவில்லை, கணக்குத் தீர்த்தார். பால்காரருக்காகச் சுவரில் போட்டிருந்த கரிக்கோடுகளை அவரை வைத்துக்கொண்டே எண்ணினார். மளிகைக்கடைச் சிட்டையைப் பைசா பாக்கியில்லாமல் கட்டினார். பக்கத்து வீட்டு ஆயாவிடம் கைமாற்றாக வாங்கிய உளுந்தை முறத்தில் புடைத்துத் திருப்பிக் கொடுத்தார். சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளைச் சுண்ணாம்பு குழைத்து அடைத்தார். “நாம போன பிறகும் நம்ம பேரு இந்தத் தெருவுலதானடா இருக்கும்.”

அப்பா ரேஷன் கார்டோடு திருவள்ளூர் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். அதில் அன்று செங்கல்பட்டு மாவட்டம் என்றுதான் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்.

மாட்டு வண்டி இரண்டு நடை அடித்தது. ஆட்டுக்கல்லைக் கடப்பாரையால் நெம்பி, பலகை சாய்த்து, நாலு பேர் உருட்டி ஏற்றினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்த, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. சரக்கு வண்டி ஒன்று நகரவே இல்லை. அம்மா உப்பு, மஞ்சள், குத்துவிளக்கு வைத்த கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றார். “இன்னாமா, வூடு மாத்துறீங்களா?” என்று கேட்டபடி சைக்கிளோடு நின்றவர்களில் இரண்டு பேர், கேட் திறந்ததும் கூடவே வந்து ஆட்டுக்கல்லை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பால் பொங்கியபோது அவர்கள் இல்லையே என்று அம்மா வருத்தப்பட்டார்.

போன வருஷம், திருவள்ளூரில் ஆறு வருஷம் இருந்த அடுக்குமாடி வீட்டைக் காலி செய்து கடம்பத்தூருக்கே திரும்பினோம். கேஸ், ஆதார், வங்கி, இன்டர்நெட் என்று செய்ய வேண்டியதெல்லாம் செல்போனில் வரிசையாக இருந்தது. 2005இல் வந்த டாடா ஏஸ், நம்மூர்க் குட்டி யானை, எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டது. ஒடிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்கள் ஒவ்வொரு டம்ளரையும் செய்தித்தாளில் சுற்றினார்கள். அத்தனை பொறுமை என் கைக்கு வராது. யாருக்கும் பாக்கி இல்லை. எல்லாம் அன்றன்றே போனில் கட்டியாயிற்று. அதனாலேயே, போகிறோம் என்று சொல்ல எந்தக் கதவையும் தட்ட வேண்டியிருக்கவில்லை. எதிர் வீட்டுப் பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அது இன்னும் உறுத்துகிறது.

புது வீட்டில் அம்மா அதே மாதிரி உப்பையும் மஞ்சளையும் முதலில் உள்ளே வைத்தார். எண்பது வயது. பால் பொங்கியது. திரும்பிப் பார்த்து, “பால்காரருக்குச் சொல்லிட்டியா?” என்றார்.

சொல்லவில்லை. விடியுமுன் கதவுப் பையில் பாக்கெட் போட்டுவிட்டுப் போகிறவரை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் விடியற்காலை மின்ரயிலில் திருவள்ளூர் போய், அந்த மாடிப்படியில் காத்திருந்தேன். ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும்.

“நாங்க காலி பண்ணிட்டோம், தம்பி. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

பையைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தான்.

“மூணாவது மாடி, பச்சை பாக்கெட் ரெண்டு... நீங்கதானா சார் அது?”