15,532ஆவது கோடை விடுமுறை

பொறுமை என்னும் குணத்தைப் பற்றி நம் தேசத்தில் உபந்நியாசம் செய்தவர்கள் அநேகர். ஆனால் அந்தக் குணத்தை ஆயிரக்கணக்கான மனிதர்களிடம், வாரத்துக்கு ஒரு முறை வீதம், நள்ளிரவு கடந்த வேளையில், எட்டு வாரங்கள் விடாமல் பரீட்சித்துப் பார்த்தவர்கள், எனக்குத் தெரிந்த வரையில், கியோட்டோ அனிமேஷன் என்ற ஜப்பானியப் பட நிறுவனத்தார் மட்டுமே. பரீட்சை 2009ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆரம்பித்து ஆகஸ்டு மாதத்தின் முதல் பகுதியில் முடிந்தது. அதற்கு உட்பட்டவர்கள் சுஸுமியா ஹருஹி என்ற பெண்ணைப் பற்றிய அனிமே என்னும் சித்திரப்படத் தொடரின் ரஸிகர்கள். எட்டாவது வாரமும் பெட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டபடியால் அவர்கள் தேறிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தேறியவர்கள் பரீட்சகரை வாழ்த்தினார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்தச் சரித்திரமெல்லாம் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், கல்லூரியில் படிக்கும் என் பேத்தியின் தயவால்தான். ஒரு கோடை விடுமுறைக்கு வந்திருந்தவள், “தாத்தா, உங்களுக்கு அமானுஷ்யக் கதை பிடிக்குமே, இதைப் பாருங்கள்” என்று சொல்லிக் கூடத்துத் தொலைக்காட்சியில் இதைப் போட்டாள். அமானுஷ்யம் என்று அவள் சொன்னதும் நான் மோகினியையும் முனீஸ்வரனையும் எதிர்பார்த்துச் சாய்வு நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். வந்ததோ, பள்ளிக்கூடத்து உடுப்பணிந்த ஒரு பெண். வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எழுந்து நின்று, சாதாரண மனிதர்களில் தனக்கு அக்கறையில்லை என்றும், வேற்றுக்கிரகவாசி, எதிர்காலத்திலிருந்து வந்தவர், மனோசக்தி படைத்தவர் யாராவது இருந்தால் தன்னிடம் வரலாம் என்றும் அவள் பிரகடனம் செய்கிறாள். அவள் அழைத்தபடியே அத்தனை பேரும் வந்து, அவள் ஆரம்பிக்கும் சங்கத்தில் அங்கத்தினர்களாகவும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் இன்னார் என்பது அவளுக்குத் தெரியாது. அதைவிட விசேஷம், உலகத்தையே தன் இஷ்டப்படி மாற்றி அமைக்கும் சக்தி அவளிடம்தான் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தவன் கியோன் என்னும் சாமானியப் பையன் ஒருவன். அவனுக்கோ ஒரு சக்தியும் கிடையாது. குடும்பஸ்தர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும்.

தனிகாவா நாகரு என்பவர் எழுதிய நாவல் வரிசையிலிருந்து பிறந்தது இந்தத் தொடர். 2006ஆம் வருஷம் முதன்முதலாக ஒளிபரப்பானபோதே ரஸிகர்களைச் சோதிப்பது என்று இதன் கர்த்தாக்கள் தீர்மானம் செய்துகொண்டுவிட்டதாகத் தோன்றுகிறது. முதல் பாகம் என்று அவர்கள் காட்டியது, கதையில் வரும் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே எடுத்த ஒரு சினிமா: படம் ஆடுகிறது, வசனம் தடுமாறுகிறது, நடிப்பு என்ற பதார்த்தம் மருந்துக்கும் கிடையாது. இத்தனை தவறுகளையும் தேர்ந்த சித்திரக்காரர்கள் கஷ்டப்பட்டுத் தீட்டியிருந்தார்கள் என்பதை அறியாமல், நிலையத்தார் வேறு எதையோ மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று மயங்கியவர்கள் உண்டு. அதற்குப் பிறகும் பாகங்கள் வரிசைப்படி வரவில்லை. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும், அடுத்து வருவது எத்தனையாவது என்று ஹருஹி ஓர் எண்ணைச் சொல்ல, கியோன் வேறோர் எண்ணைச் சொல்லித் திருத்துவான். இவ்வளவு அலைக்கழித்தும் ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மாறாக, முடிவில் வரும் பாட்டின் ஆட்டத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு, டோக்கியோவின் அகிஹபாரா வீதியில் கூட்டமாகக் கூடி ஆடினார்கள். ரஸிகர்கள் எதையும் தாங்குவார்கள் என்று தயாரிப்பாளர்கள் முடிவுகட்டியிருந்தால் அதற்கு இந்த ஆட்டத்தையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

2009இல் பழைய பதினான்கு பாகங்களோடு புதிதாகப் பதினான்கைச் சேர்த்து, இந்த முறை காலக்கிரமப்படி ஒளிபரப்பினார்கள். மூன்று வருஷம் காத்திருந்தவர்களின் ஆனந்தத்தைச் சொல்லவும் வேண்டுமா! அந்தப் புதிய பதினான்கில் எட்டைத்தான் ‘எண்ட்லெஸ் எயிட்’ விழுங்கிவிட்டது.

அதன் கதை சுருக்கமானது. ஆகஸ்டு 17ஆம் தேதி, விடுமுறை முடிவதற்கு இரண்டு வாரம் இருக்கையில், கியோனுக்கு ஹருஹியிடமிருந்து தொலைபேசி வருகிறது. நீச்சல் குளம், கோயில் திருவிழா, வாணவேடிக்கை, சிள்வண்டு பிடித்தல், தவளை வேஷம் போட்டுக்கொண்டு கூலி வேலை என்று அவள் ஒரு ஜாபிதா தயாரித்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகிறாள். 30ஆம் தேதி ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, எல்லாம் முடிந்தது என்று எழுந்து போகிறாள். ஆனால் அவள் மனத்தில் ஏதோ ஒரு குறை. அந்தக் குறையின் காரணமாக 31ஆம் தேதி நள்ளிரவில் காலம் திரும்பிப் போய், மறுபடியும் 17ஆம் தேதி ஆகிவிடுகிறது. யாருக்கும் ஞாபகம் இல்லை. வேற்றுக்கிரகத்துச் சிருஷ்டியான நாகடோ யூகி என்ற பெண்ணுக்கு மட்டும் எல்லாச் சுற்றும் ஞாபகம் இருக்கிறது.

நாவலைப் படிக்காமல் முதல் வாரம் பார்த்தவர்களுக்கு இந்த ரகசியம் ஏதும் தெரியாது. கோடைகாலத்துக்கேற்ற உல்லாசமான பாகம் என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டாவது வாரம், இது 15,498ஆவது சுற்று என்று நாகடோ அமைதியாகச் சொன்னபோது மயிர்க்கூச்செறிந்தது. திருவிழாவுக்குப் போகாமல் விட்டது இரண்டு தடவை, போயும் தங்கமீன் பிடிக்காமல் திரும்பியது 437 தடவை, கூலி வேலை செய்தது 9,025 தடவை என்று தணிக்கை அதிகாரியைப் போல அவள் ஒப்பிக்கிறாள். மொத்தம் 594 வருஷம். பிரமாதம், அடுத்த வாரம் விடுதலை கிடைத்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அடுத்த வாரம் தொலைபேசி மணி அடித்தது. அதற்கடுத்த வாரமும் அடித்தது.

பழைய பிரதியையே திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். சோம்பேறித்தனத்தால் செய்த அபசாரத்தை மனிதன் மன்னித்துவிடுவான். இவர்களோ ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக வரைந்தார்கள். நடிகர்களை அழைத்து வசனங்களை மறுபடியும் பேசவைத்தார்கள். நீச்சலுடை, திருவிழாவுக்கு அணியும் யுகாதா என்ற அங்கி, பார்க்கும் கோணம், மாலை வெயிலின் நிறம் வரையில் மாற்றினார்கள். மாற்றாமல் விட்டது கதையை மட்டும்தான். இத்தனை பிரயாசைப்பட்டு, இத்தனை செலவு செய்து ஒரு மனிதனுக்குச் சலிப்பூட்டினால், எனக்கு இழைத்த துரோகத்துக்கு இவ்வளவு உழைப்பா என்ற வயிற்றெரிச்சல் அவனுக்கு வருவது நியாயந்தானே?

அந்த வயிற்றெரிச்சல் போன வழிதான் விசித்திரம். ஒரே கதையைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று கண்டனம் செய்தவர்களே, இந்த வாரம் ஹருஹியின் நீச்சலுடை என்ன நிறம், யுகாதாவில் என்ன பூ, திருவிழாக் கடையில் நாகடோ எந்த முகமூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றெல்லாம் அட்டவணை போட ஆரம்பித்தார்கள். மற்ற பாகங்களைப் பிரியமாகப் பார்த்தபோது இந்தச் சிரத்தை இருந்ததா என்றால், இல்லை. பிரியம் உள்ளவன் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பான். குற்றம் கண்டுபிடிக்க வந்தவனே ஒரு பொத்தானையும் விடமாட்டான். நம் வீட்டுக் கல்யாணங்களில் சம்பந்தி வீட்டாரின் பார்வையை அநுபவித்தவர்களுக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. ஜப்பானியப் பள்ளிகளின் கோடை விடுமுறை பெரும்பாலும் ஜூலை பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு முடியும் வரையில். ஹருஹியின் கூட்டத்தார் பதினைந்தாயிரம் விடுமுறைகளை வாரி இறைத்துக்கொண்டிருக்கையில், அதை நள்ளிரவில் விழித்துப் பார்த்த மாணவனுக்கு இருந்த ஒரே விடுமுறை கரைந்துகொண்டிருந்தது. அவனும் வீட்டுப்பாடத்தைத் தொட்டிருக்க மாட்டான் என்பது என் அனுமானம். கதையின் முடிச்சும் அங்கேதான் இருந்தது.

காப்பிக் கடைக் கட்டத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஹருஹி எழுந்து வாசலை நோக்கி நடக்கிறாள். இவளை இப்படியே போகவிட்டால் எல்லாம் மறுபடியும் ஆரம்பமாகிவிடும் என்று கியோனின் உள்ளுணர்வு அடித்துக்கொள்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னாலிருந்து அணைத்துக் காதில் ‘காதலிக்கிறேன்’ என்று சொல்லேன் என்று கொய்ஸுமி என்ற சிநேகிதன் ஏற்கெனவே யோசனை கூறியிருக்கிறான். கியோனுக்கு அதைவிட இன்னும் அறுநூறு வருஷம் தேவலை போலிருக்கிறது. அவள் போய்விடுகிறாள். இந்த இடத்தில் எங்கள் கூடத்தில் ஏற்பட்ட அமளியைப் பார்த்தால், கடல் கடந்து வாராவாரம் என்ன நடந்திருக்கும் என்பது தெரியும். பேத்தி தலையணையைக் குத்தினாள். நான் வாய்விட்டே, “கூப்பிடேன் அப்பா, வாய் நோகுமா?” என்றேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, இந்தப் படங்களையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காதவள், ஐந்தாவது பாகத்தின்போது முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “யார் இந்தப் பிள்ளை? எத்தனை தடவை அந்தப் பெண்ணைப் போகவிடுவான்?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்குத் தயாரிப்பாளர்களுக்காக வாதாடும் ஆசை உண்டாயிற்று. “ஒரே வரியைப் பாடகர் நாலு விதமாக, எட்டு விதமாக நிரவல் பண்ணினால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்கிறோம்; டிக்கெட்டும் வாங்குகிறோம். ராகம் மாறவில்லை, சாஹித்யம் மாறவில்லை என்று யாராவது எழுந்து போகிறார்களா? இதையும் அப்படி ரசித்தால் என்ன?” என்றேன்.

பேத்தி ஒரு கணமும் தயங்கவில்லை. “நிரவலுக்கு அப்புறம் ஸ்வரம் வரும் தாத்தா. இங்கே நிரவலுக்கு அப்புறம் அடுத்த வாரம்தான் வரும்” என்றாள். வக்கீல் தொழிலில் நான் நுழையாதது கட்சிக்காரர்களின் பாக்கியம்.

எட்டாவது பாகத்தில், 15,532ஆவது சுற்றில், ஹருஹி வாசலைத் தாண்டும் முன் கியோன் எழுந்து, தன் வீட்டுப்பாடம் இன்னும் முடியவில்லை என்று கத்துகிறான், மறுநாள் எல்லோரும் அவன் வீட்டில் கூடி எழுதுகிறார்கள், செப்டம்பர் பிறக்கிறது. ஆறு நூற்றாண்டுக் காலச் சிக்கல் அரைகுறைக் கணக்கு நோட்டால் அவிழ்கிறது. முடிவு எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டு பாகத்தில் பிடித்திருக்க வேண்டியது எட்டுப் பாகத்தில் பிடித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று, அல்லது நான்கோடு நிறுத்தியிருந்தால் நையாண்டி நையாண்டியாகவே இருந்திருக்கும். அதே வருஷம் அமெரிக்காவில் நடந்த ரஸிகர் மகாநாடு ஒன்றில் யமமோட்டோ யுடகா என்ற டைரக்டர் இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அவர் 2006ஆம் வருஷத் தொடரில் முக்கியப் பங்கு வகித்தவர். இந்த எட்டுப் பாகங்கள் வருவதற்கு முன்பே நிறுவனத்தை விட்டுப் போய்விட்டவர். செய்யாதவர் மன்னிப்புக் கேட்பது ஜப்பானுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல.

காலம் செல்லச் செல்ல, எட்டு வாரமும் நேரடியாகப் பார்த்தவர்கள் யுத்தகளத்திலிருந்து திரும்பிய பழைய சிப்பாய்களின் தோரணையை அடைந்துவிட்டார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவனிடம், முதல் பாகம், இரண்டாம் பாகம், எட்டாம் பாகம் மட்டும் போதும் என்று கருணையுள்ளவர்கள் சொல்வார்கள். நாங்கள் பட்டதை நீயும் படு என்பவர்களே அதிகம். இவர்கள் பக்கத்துக்குப் பலம் சேர்த்தது 2010 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஹருஹியின் மறைவு’ என்ற திரைப்படம். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் அந்தப் படத்தில், எப்போதும் மூலையில் புஸ்தகம் படித்துக்கொண்டிருந்த நாகடோ, தாங்க முடியாமல் போய் ஒரு நாள் உலகத்தையே மாற்றி எழுதிவிடுகிறாள். எட்டையும் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இந்த விவகாரம் வேறு விதமாக நிற்கிறது. எட்டாவது பாகம் ஓடியபோது என் மனைவி மாடியில் காய்ந்த வடகத்தை எடுக்கப் போயிருந்தாள். அந்தப் பிள்ளை கடைசியில் கூப்பிட்டுவிட்டான் என்று நாங்கள் இருவரும் சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. போட்டுக் காட்டுகிறோம் என்றாலும், “அவனாவது கூப்பிடுவதாவது” என்று சொல்லிப் பார்க்க மறுத்துவிட்டாள். ஆனால் திரைப்படத்தை மட்டும் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். நாகடோ செய்தது நியாயமா என்று பேத்தி கேட்டதற்கு, “அறுநூறு வருஷம் ஒரு பெண்பிள்ளை வாய் திறக்காமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால், உலகத்தை மாற்றாமல் வேறு எதை மாற்றுவாள்?” என்று திருப்பிக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்றாள்.

உப்புமா போதும் என்றேன். நானே கிண்டுகிறேன் என்றும் சொன்னேன்.