ஒரே மூளை, நாலு வாசல்

எங்கள் ஆபீசில் முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டு வேளையில் இன்கிரிமென்ட் பற்றிப் புலம்புவோம். இப்போது கோடு எழுதித் தருகிற ஏஐ-யை எந்த வாசல் வழியாகக் கூப்பிடுவது என்று சண்டை. உள்ளே இருக்கிற மாடல் பெரும்பாலும் ஒன்றேதான். இருந்தாலும் டெர்மினலில் கூப்பிடுகிறவர், எடிட்டரில் கூப்பிடுகிறவர் வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது.

2021-ல் கிட்ஹப் கோபைலட் வந்தபோது இந்த வம்பெல்லாம் இல்லை. பாதி வரி அடித்தால் மீதியைச் சாம்பல் நிறத்தில் காட்டும். டேப் தட்டினால் நம்முடையது. நாம் வாயைத் திறப்பதற்குள் “அதானே சொல்ல வந்தே?” என்று முடித்துவைக்கிற சித்தப்பா மாதிரி. அதுவல்ல நாம் சொல்ல வந்தது, ஆனாலும் தலையாட்டிவிடுவோம். அப்புறம் பக்கத்தில் ஒரு சாட் பெட்டி முளைத்தது. விஎஸ் கோடைப் பிரித்துக் கட்டிய கர்சர் வந்தது. 2025 பிப்ரவரியில் கிளாட் கோட் நேராக டெர்மினலிலேயே வந்து இறங்கியது. ஏப்ரலில் கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜூனில் ஜெமினி சிஎல்ஐ. மவுஸின் தந்தை எங்கல்பார்ட் அதை ஊருக்குக் காட்டியது 1968-ல். அதற்கப்புறம் இத்தனை வண்ண ஜன்னல்களைக் கட்டிவிட்டு, மறுபடி கறுப்புத் திரையில் வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

அதற்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்க முடியாது. திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவதில்லை.

டெர்மினலில் தொல்லை, ஏஐ அனுமதி கேட்பதில்தான். இந்தக் கட்டளையை ஓட்டட்டுமா? ‘ஆம்’, ‘ஆம், இனிமேல் கேட்காதே’, ‘வேண்டாம்’ என்று பதில்கள் வரிசையாக நிற்கும். முதலில் ஒவ்வொன்றையும் வரிவிடாமல் படிப்போம். காபி வருவதற்குள் விரல் தானாக எண்டரைத் தட்ட ஆரம்பித்துவிடும். எடிட்டரிலோ எது போனது, எது வந்தது என்று சிவப்பும் பச்சையுமாகப் பக்கத்திலேயே நிற்கும். பார்க்காமல் நகர மனசு வராது. ஆக, எதையும் மேற்பார்வையிட ஆசை இருப்பவர்களுக்கு எடிட்டர், ஓரளவு நம்புகிறவர்களுக்கு டெர்மினல். வேலையைக் கிளவுடில் ஒப்படைத்துவிட்டு, புல் ரிக்வெஸ்ட் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் பிடிக்கிறவர்கள்.

எனக்கு வழக்கைத் தீர்த்துவைத்தது கொம்பு. கமென்டைத் தமிழில் எழுதுகிற ஆள் நான். டெர்மினல் திரையைச் சம அளவுக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்து அதில் சமர்த்தாக உட்காரும். ‘தொகை’ என்று அடித்தால் என் மெஷினில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம். ஓர் எழுத்தை அழிக்கப் போனால் பக்கத்து எழுத்து காணாமல் போகிறது. அதே வரி எடிட்டரில் அச்சுக் கோத்த மாதிரி நிற்கிறது. அதனால் எடிட்டர்.

டெர்மினல் கோஷ்டியிடம் இந்தக் காரணத்தைச் சொன்னேன். “கமென்டை இங்கிலீஷ்ல எழுதிட்டுப் போங்களேன் சார்” என்றார் ஒருவர். அவர் திருநெல்வேலிக்காரர் வேறு.