3 நிமிடம் 20 வினாடிக்காரர்

கடற்கரையில் அத்தனை பேரும் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் பழைய கேமராவில் கண்ணை ஒட்டிக்கொண்டு விசையை அழுத்தாமலே நிற்பார். சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அவர்தான் சூப்பர் 8காரர். அமெரிக்காவில் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் தேடிப் பாருங்கள், கிடைப்பார்.

கணக்கு நியாயமானதுதான். 1965இல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8 பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருப்பது 50 அடி ஃபிலிம். வினாடிக்கு 18 ஃபிரேம் ஓடவிட்டால் 3 நிமிடம் 20 வினாடி. சினிமாக்காரர்போல 24 ஓடவிட்டால் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்தது. பேரன் கேக் மெழுகுவர்த்தி ஊதுவதற்கு அவர் ஒதுக்குவது பத்து வினாடி. முதல் ஊதலில் அணையாவிட்டால் அது பேரனின் தவறு.

அவர் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் முட்டை இருக்காது, எக்டாக்ரோம் ஃபிலிம் இருக்கும். 2012இல் கோடாக் அதை நிறுத்தியபோது வாங்கிக் குவித்தது. 2018இல் கம்பெனி மறுபடி தயாரிக்க ஆரம்பித்துவிட்டது. முட்டைதான் இன்னும் தட்டுக்குத் திரும்பவில்லை.

கோடாக்கின் இன்னொரு ஃபிலிமான கோடாக்ரோம் பேச்சை மட்டும் அவரிடம் எடுத்துவிடாதீர்கள், சாப்பாடு ஆறிவிடும். உலகத்திலேயே கடைசியாகக் கோடாக்ரோம் கழுவிய லேப் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்தது. 2010 டிசம்பர் 30க்குள் வந்து சேர்ந்த சுருள்களோடு வேலையை முடித்துக்கொண்டது. அந்தத் தேதியை அவர் திவச நாள்போலச் சொல்வார். தபாலில் போடத் தவறிய சுருள் ஒன்று இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. அதில் எதை எடுத்தார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. ஆனால் தான் எடுத்ததிலேயே அதுதான் உசத்தி என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இவையெல்லாம் ரிவர்சல் ஃபிலிம், நெகட்டிவ் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் கழுவி வந்து புரொஜெக்டரிலும் ஓடும். கீறல் விழுந்தால் விழுந்ததுதான். நடுவில் சிக்கி நின்றுவிட்டாலோ, விளக்குச் சூட்டில் மாமியார் முகம் உருகிக் குமிழிவிடும். வெளிச்சம் சற்றே கூடிப்போனால் வெள்ளைச் சட்டைக்காரர் சட்டையோடு காணாமல் போவார். அவருக்கு இதெல்லாம் குறையே இல்லை. “அசல் என்றால் அப்படித்தான்” என்பார். அதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது.

அந்த அசலை அவர் என்ன செய்கிறார் தெரியுமா? காசு கொடுத்து ஸ்கேன் பண்ணி, செல்போனில் ஏற்றி, போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். சுருள், கழுவும் கூலி, தபால், ஸ்கேன் என்று பர்ஸைக் காலி செய்த அந்த மூன்று நிமிடத்தை அக்காள் மகள் நின்றபடியே பார்த்து முடித்தாள். “மாமா, இந்தக் கீறலும் புள்ளியும் ரொம்ப நல்லா இருக்கு, எந்த ஆப்பில் போட்டீங்க?” என்று கேட்டாள். மனிதர் அன்று இரவு சாப்பிடவில்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் கேமராவை உங்கள் பக்கம் திருப்பினால், போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்து நிற்காதீர்கள். நடங்கள், சிரியுங்கள், கையையாவது ஆட்டுங்கள். உள்ளே வினாடிக்கு 18 ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கிறது.