அரியலூர்க் கடற்கரை

திருச்சிக்காரர்களுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தால் வேளாங்கண்ணிக்கோ பூம்புகாருக்கோ போவார்கள். நான் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பஸ் ஏறுவேன். காரை, ஊட்டத்தூர், கருடமங்கலம், நினியூர் என்று எங்கே இறங்கினாலும் கடற்கரைதான். தண்ணீர் மட்டும் கிடையாது. அது பின்வாங்கி ஆறு கோடி ஆண்டு ஆகிறது.

கோண்ட்வானா என்ற பெருநிலத்திலிருந்து இந்தியா பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது, கிழக்கு ஓரம் தாழ்ந்து பள்ளம் விழுந்தது. அந்த வழியாக உள்ளே வந்த கடல், கிரெட்டேசியஸ் காலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் வருவதும் போவதுமாக இருந்தது. பெரும்பாலும் ஆழமில்லாத கடல். வெயிலும் உணவும் தாராளம். சிப்பி, நத்தை, பவளம், கணவாய்க்கு ஒன்றுவிட்ட உறவான அம்மோனைட் எல்லாம் குடியும் குடித்தனமுமாக வாழ்ந்து, செத்து, சேற்றில் புதைந்து, கல்லாகிவிட்டன. அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் என் பொழுதுபோக்கு.

இதற்குத் தேவையானவை ஒரு சுத்தியல், பழைய செய்தித்தாள், தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கூச்சமின்மை. தலை நிமிராமல் பொட்டல்காட்டில் நடக்கிற நடுத்தர வயதுக்காரனைக் கண்டால் ஊருக்கு மூன்று சந்தேகம் வரும். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்தவன், புதையல் தேடுகிறவன், அல்லது வீட்டில் ஏதோ சரியில்லை. சிப்பி பொறுக்க வந்தேன் என்று உண்மையைச் சொன்னால் மூன்றாவது உறுதியாகிவிடும்.

காரையில் புல்கூடச் சரியாக முளைக்காத ஒரு நிலம் இருக்கிறது. மழை அரித்து அரித்து மேடும் ஓடையுமாகக் கிடக்கும். இடையிடையே ஜிப்சம் மின்னும். மழை விட்ட பிறகு போனால் மண் கழுவிப் புதுச் சரக்கு மேலே வந்திருக்கும். பெலம்னைட்டுகள் அங்கே ஏராளம். அதுவும் கணவாய் இனம்தான், அதன் உள்ளோடு ஒரு முனை கூராகப் பென்சில் துண்டு போல் கிடைக்கும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை வெகுநேரம் கவனித்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“கிலோ என்ன வெலைக்குத் தம்பி எடுத்துக்கிறாங்க?”

“விக்கிறதுக்கு இல்லைங்கய்யா. சும்மா வீட்ல வெச்சுப் பாக்கலாம்னு.”

“பாத்து?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது. அவரோ அதற்குள் கம்பு நுனியால் ஒரு மண்கட்டியைப் புரட்டி, உள்ளங்கை அகல அம்மோனைட் ஒன்றை, சுருள் ஒன்றுகூட உடையாமல், என் காலடிக்குத் தள்ளிவிட்டார். காலையிலிருந்து நான் தவமிருந்தது அதற்குத்தான். ஆட்டுக்குத் தெரிந்திருந்தால் அதுவே எடுத்துக் கொடுத்திருக்கும்.

ஆனால் என் கட்சிக்கு ஆள் பலம் இல்லாமல் இல்லை. 1840-களிலேயே மதராஸ் ராஜதானி அதிகாரிகளான கேயும் கன்லிஃபும் இந்தச் சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து எழுதினார். 1857 முதல் 1860 வரை பிளான்ஃபோர்டு இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பாறை வரைபடம் தயாரித்தார். அடுத்து ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாக்காரர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் வேலை. நம்மூர்ச் சிப்பிகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாகப் படம் போட்டு, பெயர் வைத்து, தடித்தடியான புத்தகங்களாக 1873 வரை வெளியிட்டார். மறு ஆண்டே மத்திய ஆசியப் பயணம் முடிந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயரத்தில் இறந்துபோனார். ஆழமில்லாத கடலிலேயே நின்றிருக்கலாம் மனிதர்.

அவர் வைத்த பெயர்களில் ஒன்று அரியலூரென்சிஸ். ஓர் அம்மோனைட்டுக்கு நம்மூர்ப் பெயர். பாறை அடுக்குகளுக்கும் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பிளான்ஃபோர்டு காலத்திலேயே பெயராகிவிட்டது. அரசாங்கம் 1995-ல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூரை உண்டாக்கியது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தது, 2002-ல் திரும்பச் சேர்த்தது, 2007-ல் மறுபடி பிரித்தது. கடல் வந்துபோனதற்குக்கூட இவ்வளவு அவசரம் இருந்ததில்லை. ரேஷன் கார்டை மாற்ற ஜனங்கள் வரிசையில் நின்றபோது, சிப்பி மட்டும் பழைய முகவரியிலேயே இருந்தது.

சிப்பிக்கு விளம்பரம் போதாது என்பது என் நெடுநாள் மனக்குறை. 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததும், டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, போன் வைத்திருந்த அத்தனை பேரும் படமெடுத்துப் பகிர்ந்தார்கள். அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகிய உருண்டைகள்தான் அவை என்று புவியியல் அறிஞர்கள் சொன்னதும் ஆர்வம் வடிந்துவிட்டது. முட்டைக்குள்ளிருந்து டைனோசர் வந்திருந்தால் இன்னும் வேகமாகக் கலைந்திருப்பார்கள், அது வேறு.

வீட்டில் எதிர்ப்பு வேறு வகை. “ஏங்க, எல்லாரும் வீட்ல இருக்கிற குப்பைய வெளிய போடுவாங்க. நீங்க மட்டும் ஏன் வெளிய கிடக்கிறத உள்ள கொண்டாறீங்க?” என்பாள் மனைவி. உள்ளே கிடப்பது எதுவென்று அவளுக்கு ஒருநாள் விளக்கினேன். சிமெண்ட் என்பது பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். அதைக் களிமண்ணோடு அரைத்து 1,450 டிகிரி சூட்டில் சுட்டால் கிளிங்கர், அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு பொடித்தால் மூட்டை. அரியலூர் வட்டாரத்தில் இத்தனை ஆலைகள் முளைத்ததே இந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்காகத்தான். டால்மியாபுரம் பாறையில் பவளமும் பாசியும் அடுக்கடுக்காக இருக்கும். 1953-ல் அந்தப் பெயரை மாற்றிக் கல்லக்குடி என்று வைக்கச் சொல்லி கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தாரே, அந்தப் போராட்டத்தின் பூர்வீகம் ஒரு பவளப்பாறை.

“நான் பையில கொண்டாறது ரெண்டு கிலோ. இந்தச் சுவர், கூரை, மாடிப்படி எல்லாம் அதே கடல்தான். லாரி லாரியாக் கொண்டாந்து நாமளே பூசியிருக்கோம்.”

அவள் சுவரைப் பார்த்தாள். “அது பெயிண்ட் அடிச்சு ஒழுங்கா நிக்குது. உங்க கடல் சோபாவுல கிடக்குது” என்றாள்.

சோபாவில் கிடந்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு கல்லுக்கும் எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று சீட்டு எழுதி ஒட்டும்வரை அதை நகர்த்தக்கூடாது. சீட்டு இல்லாத சிப்பியை எந்த ஆய்வாளரிடம் காட்டினாலும் “அழகா இருக்கு” என்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். இப்படிச் சீட்டுக்காகக் காத்திருந்த அந்தப் பெரியவரின் அம்மோனைட், நான் பேனா எடுத்து வருவதற்குள் காணாமல் போய்விட்டது.

பூஜை அலமாரியில் இருந்தது. சந்தனப் பொட்டு, துளசி சகிதம்.

“மாப்பிள்ளை, சாளக்கிராமத்த சோபாவுலயா போடுவீங்க?” என்றார் மாமியார்.

இது காரையில் எடுத்தது, சாளக்கிராமம் நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பது என்றேன். “அதுவும் இதே பூச்சிதான்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க?” சொன்னது நான்தான். அறிவியல்படி அவர் பக்கமே நியாயம். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்துக்குள் இருப்பதும் அம்மோனைட்தான். காலம் மட்டும் இதைவிட மூத்தது, ஜுராசிக்.

அசைவம் சாப்பிட்ட நாளில் தொடக்கூடாது, குளிக்காமல் தொடக்கூடாது, சுத்தியலோடு கிட்டவே வரக்கூடாது என்று அன்றைக்கே விதிகள் அமலுக்கு வந்தன. நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: பாலபிஷேகம் செய்யலாம், தயிர் மட்டும் வேண்டாம், சுண்ணாம்பை அமிலம் அரித்துவிடும். மாமியார் யோசித்து, அது நியாயம் என்று ஒப்புக்கொண்டார். என் பொழுதுபோக்கின் வரலாற்றில் இந்த வீட்டில் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான்.

பிறகு சீட்டு எழுதினேன். கிடைத்த இடம்: காரை. காலம்: கிரெட்டேசியஸ். தற்போது இருக்குமிடம்: பூஜை அலமாரி, இரண்டாம் தட்டு, பிள்ளையாருக்கு இடப்பக்கம். எழுதி முடிப்பதற்குள் மாமியார் எட்டிப் பார்த்தார்.

“அடுத்த தடவ போறப்ப எதிர்வீட்டு அம்மாவுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க மாப்பிள்ளை. கொஞ்சம் சின்னதா, சுழி தெளிவா இருக்கட்டும்.”