அப்பா பெயரில் ஒரு கலகம்

கேள்வி: கோவையில் படிக்கும் என் மகன் பங்க் ராக் கேட்கிறான். கிழிந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு, "நான் யார் மாதிரியும் இல்லை" என்கிறான். அந்தப் பாட்டுகளில் அப்படி என்னதான் இருக்கிறது?
(ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: கிடாரில் நாலு தட்டு, தொண்டையில் ஏகப்பட்ட கோபம்! 1977-ல் பிரிட்டிஷ் ராணியின் வெள்ளிவிழா நேரத்தில் அவரைக் கிண்டலடித்துப் பாடியது செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு. பிபிசி தடை போட்டது. பாட்டு விற்பனையில் இரண்டாம் இடம் பிடித்தது. தனித்துவம் பேசிய ரசிகர்களோ, கொஞ்ச நாளில் எல்லோரும் சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டு ஒரே மாதிரி நின்றார்கள்.

நம் பாடகி மாயா அருள்பிரகாசத்தைப் பாருங்கள். உலகுக்கு எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் லண்டன் போனவர். தி கிளாஷ் என்ற பங்க் குழுவின் இசைத் துணுக்கை எடுத்து, குடியேறிகளைச் சந்தேகிப்பவர்களை நக்கலடித்து 'பேப்பர் பிளேன்ஸ்' பண்ணினார். பல்லவியில் துப்பாக்கிச் சத்தம், கூடவே கல்லாப்பெட்டிச் சத்தம்! இத்தனை கலகக்காரி, முதல் ஆல்பத்துக்கு (2005) வைத்தது அப்பாவின் இயக்கப் பெயர் 'அருளர்'. இரண்டாவதுக்கு (2007) அம்மா பெயர் 'கலா'.

ஆகவே, பையனைத் திட்டாதீர்கள். நாளைக்கே ஆல்பம் போட்டால், அட்டையில் உங்கள் பெயர்தான்!