மடிப்பே மெய்: காலைப் பரிட்டோ குறித்து ஒரு புனே ஆய்வு

பாடபேதங்களுக்கு அஞ்சாத ஊர் புனே. 1917இல் அங்கே தொடங்கப்பட்ட பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், மகாபாரதத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி, ஒப்புநோக்கி, மூலம் எது இடைச்செருகல் எது என்று பிரித்து, 1966இல் செம்பதிப்பை நிறைவு செய்தது. அப்பேர்ப்பட்ட ஊரில், வீட்டில் காலைப் பரிட்டோ செய்ய நினைப்பவர் இன்னமும் செம்பதிப்பு இல்லாமல் தவிப்பது புலமையுலகுக்கு இழுக்கு. ஒரு பாடம் முட்டை என்கிறது. சைவ மரபினர் பாடம் பன்னீர் என்கிறது. ஒன்று ராஜ்மாவையும் மற்றொன்று சோற்றையும் விதிக்க, காலத்தால் பிற்பட்டது என்று ஐயுறத்தக்க இன்னொன்று மயோனைசை வலியுறுத்துகிறது. பண்டார்கர் நெறியைப் பின்பற்றி, எல்லாப் பாடங்களிலும் நிலைத்து நிற்பதை மட்டும் மூலமாகக் கொண்டால் மிஞ்சுபவை இரண்டே: ஒரு கோதுமைத் தகடு, அதை எல்லாப் பக்கமும் மூடும் மடிப்பு. ஆகவே இக்கட்டுரையின் துணிபு: பரிட்டோவைப் பரிட்டோ ஆக்குவது மடிப்பு, வயிறு நிறைவதும் அந்த மடிப்பின் கொள்ளளவைப் பொறுத்தது. அகத்தை ஆராய்ந்த அளவுக்குப் புறத்தை ஆராயாமல் விட்டதே இத்துறையின் நெடுநாள் குறை.

முதற்சான்று நிலவியலில் கிடைக்கிறது. மெக்சிகோவின் ஆதித் தானியம் மக்காச்சோளம். அதில் செய்யும் டார்ட்டியா சிறியது. பாதியாக மடங்கும், மேலும் வற்புறுத்தினால் வெடிக்கும். பரிட்டோ பிறந்ததோ, ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை வேரூன்றிய வடபகுதியில். ‘காலைப் பரிட்டோ’ என்ற பெயரை 1975இல் முதன்முதலாக உணவுப் பட்டியலில் ஏற்றியதாக உரிமை கொண்டாடும் டியா சோஃபியாஸ் உணவகமும் அதற்கும் வடக்கே, அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரத்தில் இருக்கிறது. இனித் தக்காணத்துக்கு வருவோம். புனேயிலிருந்து கிழக்கே சோலாப்பூர் நோக்கிப் போனால் சோள நிலம். அங்கே கையால் தட்டுவது பாக்ரி. கடலைமாவுப் பிட்லாவுக்கு அதைப் போல் துணை கிடையாது. ஆனால் சுருட்டப் பார்த்தால் விண்டுபோகும். சோளத்திலும் கம்பிலும் குளூட்டன் இல்லை. கோதுமையிலோ குளூட்டனின், கிளயடின் என்ற இரு புரதங்கள் தண்ணீர் பட்டதும் பின்னிக்கொண்டு, இழுத்தால் இழுபடும் வலையாகின்றன. இடையில் பெருங்கடல்கள் கிடந்தும் இரு நாட்டிலும் விதி ஒன்றுதான்: கோதுமை மடியும், மற்றது ஒடியும்.

இது நிறுவப்பட்டால், சமைப்பவர் கவனம் எங்கே குவிய வேண்டும் என்பதும் தானே விளங்கும். வீட்டுச் சப்பாத்தியின் விட்டம் ஏழு அங்குலம் என்று கொள்வோம். அதற்குள் ஒற்றை முட்டையே திமிறும். விட்டத்தைப் பத்து அங்குலமாக்கினால் பரப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. ஆகவே மாவு உருண்டையும் இருமடங்காக வேண்டும். தவிடு குளூட்டன் வலையை அறுக்கும் இயல்புள்ளது என்பதால், கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கு மைதா கலந்து, வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைப்பது நல்லது. தணலில் காட்டிப் புல்காவாக உப்பவைக்கும் ஆசையை அடக்க வேண்டும். உப்பிய சப்பாத்தி கண்ணுக்கு அழகு, ஆனால் இரண்டு ஏடாகப் பிரிந்து காய்ந்துவிடும். ஆங்காங்கே புள்ளி விழுந்ததும் எடுத்துத் துணிக்குள் அடுக்கினால் தன் ஆவியிலேயே இளகும். மடிக்கத் தமிழருக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. வாழையிலையில் சோற்றுப் பொட்டலம் கட்டத் தெரிந்த கை போதும். உள்ளீட்டை நடுவுக்குச் சற்றுக் கீழே நீளவாட்டில் வைத்து, இரு பக்கங்களையும் உள்ளே தள்ளி, கீழ்விளிம்பைத் தூக்கிப் போர்த்தி, இறுக்கிச் சுருட்ட வேண்டும். பிறகு சுருளின் கடைசி விளிம்பு தோசைக்கல்லில் படும்படி அரை நிமிடம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நூல் வேண்டாம், குச்சி வேண்டாம்.

உள்ளீடு பிற்சேர்க்கைதான். ஆனால் பண்டார்கர் அறிஞர்கள் பிற்சேர்க்கையைத் தூக்கி எறியவில்லை, அச்சிட்டார்கள். நாமும் அதற்கு இடம் தருவோம். வேண்டிய சரக்கெல்லாம் மராத்திச் சமையலறையில் தனித்தனிக் கிண்ணங்களில் முன்பே இருக்கிறது: வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்ட முட்டை புர்ஜி, மஞ்சள் சேர்த்த உருளைக்கிழங்கு பாஜி, முளைகட்டிய மட்கிப் பயறு உசல், சல்சாவின் இடத்துக்குத் தக்காளிக் கோஷிம்பீர், காரத்துக்கு இடித்த மிளகாய் டேச்சா. உருளையும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதால் பரிட்டோவுக்குள் நுழைய அவற்றுக்குப் பூர்வீகப் பாத்தியதையும் உண்டு. நிபந்தனை ஒன்றே: எதுவும் மடிப்பை நனைக்கக் கூடாது. முட்டையை அளவுக்கு மீறி வதக்கினால் புரதம் இறுகித் தன் நீரைக் கக்கிவிடும். ஆகவே குழைவாக இருக்கும்போதே இறக்க வேண்டும். கோஷிம்பீருக்குக் கடைசி நேரத்தில்தான் உப்பு. உசலின் குழம்பை, குழம்போடு உண்ணும் மிசலுக்கே விட்டுவிட வேண்டும். கசியும் ஈரத்தை உறிஞ்ச உருளைக்கிழங்கு அடியில் கிடக்கட்டும். ஆளுக்கு இரண்டு முட்டையும் ஒரு கை உருளையும் வைத்தால் மதியம் வரை பசி தலைகாட்டாது.

இனி மறுப்புரைகள். மும்பையில் 1969 முதல் ஃபிராங்கி இருக்கிறது, கொல்கத்தாவில் அதற்கு முன்பே காத்தி ரோல் இருக்கிறது, இதில் என்ன புதுமை என்பர் ஒரு சாரார். அவற்றின் அடியைத் தாங்குவது காகிதம்; காகிதத்தை உரித்துவிட்டு நிமிர்த்திப் பிடிக்கட்டும், விவாதம் தரையில் விழுந்து முடிந்துவிடும். மசால் தோசை போதாதா என்பர் நம்மவர். அது இரு முனையும் திறந்தது, தட்டை நம்பி வாழ்வது. அதன் பெருமையான மொறுமொறுப்பு மடிப்புக்குப் பகை. அவலில் செய்யும் போஹேயும் மிசலும் இருக்கும் ஊரில் இதற்கு என்ன வேலை என்று புனேக்காரர் கேட்பதே வலுவான மறுப்பு. ருசி என்ற நீதிமன்றத்தில் அதற்கு எதிர்வழக்காட இக்கட்டுரை துணியாது. ஆனால் அலுவலகங்கள் நிறைந்த ஹிஞ்சவடிக்குப் போகும் காலைப் பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி மறு கையால் மிசல் உண்டு, சட்டையோடு அலுவலகம் சேர்வது எப்படி என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

முடிபு இது. உள்ளே எதை வைப்பது என்ற சண்டையை அந்தந்தக் குடும்பமே தீர்த்துக்கொள்ளட்டும். செம்பதிப்பு அதில் தலையிடாது. சப்பாத்தி பத்து அங்குலம் இருக்க வேண்டும், அடிமுனை மூடியிருக்க வேண்டும். அடி திறந்த சுருளைப் பரிமாறுவோர் அதைச் சப்பாத்தியும் முட்டையும் என்று நேர்மையாகச் சொல்லிவிடுவது நலம்.