மெக்கானிக்குக்குத் தலை வணங்கிய கார்

கேள்வி: இத்தாலியக் கார்களை அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக வைப்பது பொருந்துமா? தமிழ்நாட்டுக்கும் அந்தக் கலைக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், புதூர்நாடு

பதில்: முழுமையாகப் பொருந்தும். 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 8 கார்களைச் சிற்பங்களுக்கு நிகராகக் காட்சிக்கு வைத்தபோது, இத்தாலியின் பினின்ஃபரீனா வடிவமைத்த சிசிட்டாலியா 202 அவற்றுள் இடம்பெற்றது. மட்கார்டும் விளக்கும் ஒட்டுறுப்புகளாகத் துருத்தாமல், உடலோடு ஒரே பரப்பாக இழைந்திருப்பதே அதன் சிறப்பு. தமிழ்நாட்டுக்கும் இக்கலை அந்நியமன்று. இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவான்னி மிகெலாட்டி கோடு வரைய, பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகப்படுத்த, 1961 முதல் சென்னையில் தயாராகிச் சாலையில் உருண்டது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் பானட், அதாவது எஞ்சின் மூடி, விளக்குகளையும் மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முன்புறமாகச் சாய்ந்து திறந்ததால், எஞ்சினோடு முன்சக்கரங்களின் இணைப்புகளும் கைக்கு எட்டின. மெக்கானிக் காருக்குக் குனிவதற்கு முன் காரே அவருக்குத் தலை வணங்கியது. உழைப்பவரின் கையை மதிக்கும் அழகே உயர்ந்த வடிவமைப்பு என்பதால், ஹெரால்டுக்கும் அருங்காட்சியகத்தில் முன்வரிசை இடம் உரியது.